பண்டிகை விடுமுறையில் சைக்கிளும் கூடாரமும்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

பண்டிகையை ஒட்டி ஏழெட்டு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, இரவில் கூடாரம் போட்டுத் தங்கி, ஊர் ஊராகப் போய் வந்தால் என்ன என்று தோன்றுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் சாதாரண நாட்களில் இப்படிக் கிளம்புவதற்கும் பண்டிகைக் காலத்தில் கிளம்புவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கடைகள் மூடியிருக்கும். ரயிலில் ஆளுக்கே இடம் இருக்காது, சைக்கிளுக்கு எங்கே போவது? கூடாரம் போட்டுத் தங்குவதற்கென்றே உள்ள கேம்ப்சைட் நிரம்பி வழியும், இல்லையென்றால் பூட்டிக் கிடக்கும். சாலையில் போகிற எல்லாருக்கும் எங்கேயோ போய்ச் சேர வேண்டிய அவசரம்.

சைக்கிள் ஓட்டப் பழகியிருந்தும் பையோடும் கூடாரத்தோடும் ஒரு இரவுகூட வெளியே தங்காதவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் கேலண்டர், அப்புறம் வரைபடம்

பெரும்பாலானவர்கள் வரைபடத்தை விரித்துக் கோடு போடுவதில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் கேலண்டரில் ஆரம்பியுங்கள். பண்டிகை நாளை வட்டம் போட்டுக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். முந்தைய இரண்டு மூன்று நாட்கள் ஊருக்குப் போகிறவர்களால் பெரிய சாலைகள் திணறும். பண்டிகை அன்று சாலை காலியாக இருக்கும், கூடவே கடைகளும் சாத்தியிருக்கும். அது முடிந்ததும் திரும்பி வருகிற கூட்டம்.

இதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. பண்டிகைக்கு முந்தைய நாள் மதியத்துக்குள், இரண்டு இரவுக்கு முன்பதிவு செய்த ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அன்றைக்கே இரண்டு நாள் உணவும் அடுப்புக்கு எரிபொருளும் வாங்கிவிட வேண்டும். பண்டிகை அன்று மூட்டையை அசைப்பதில்லை. கால் பரபரத்தால் விடியற்காலையில் பைகளையெல்லாம் கூடாரத்திலேயே விட்டுவிட்டு வெறும் சைக்கிளில் இரண்டு மணி நேரம் சுற்றி வரலாம். வருடத்திலேயே சாலை அவ்வளவு அமைதியாகக் கிடைப்பது அன்றைக்கு மட்டும்தான். பயணத்தின் மற்ற நாட்களை எவ்வளவு தளர்வாக வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. இந்த இரண்டு இரவுகளை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொண்டு, மற்றதை இரண்டு பக்கமும் நீட்டுங்கள்.

கேம்ப்சைட்டை இணையத்தில் பார்த்துப் பதிவு செய்ததோடு விடாமல், போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். அந்த நாளில் அலுவலகத்தில் ஆள் இருப்பார்களா? குழாயில் தண்ணீர் வருமா? கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? குளிர்ப் பிரதேசங்களில் பனிக்காலம் வந்தால் குழாய் வெடித்துவிடும் என்று தண்ணீரையே நிறுத்திவைப்பது உண்டு. அதனால் இரண்டாவது கேள்வி சும்மா கேட்பதில்லை.

கேம்ப்சைட் இல்லாத வெட்டவெளியில் தங்குவதென்றால் அந்த நாட்டுச் சட்டத்தை முதலில் படித்துவிடுங்கள். நார்வேயில் பயிரிடாத திறந்தவெளி நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி யாரும் கூடாரம் போடலாம். பல நாடுகளில் அப்படிக் கிடையாது, நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். கேட்பதானால் வெளிச்சம் இருக்கும்போதே கேளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு, அதுவும் பண்டிகை நேரத்தில், முன்பின் தெரியாத ஆள் கதவைத் தட்டினால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

வெறும் சைக்கிளில் மணிக்கு 22, 23 கிலோமீட்டர் போகிறவர், மூட்டையோடு சமதரையில் 15 போனால் நல்ல வேகம். தண்ணீர் குடிக்க, வழி பார்க்க, படம் எடுக்க, சும்மா நிற்க என்று நின்று போவதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர்தான் தேறும். ஐந்து மணி நேரத்துக்கு 50, 60 கிலோமீட்டர். முதல் பயணத்துக்கு அது போதும். நண்பர்கள் நூறு நூற்றைம்பது என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது வெளிச்சம். வருடக் கடைசியில் கிளம்புகிறீர்கள் என்றால் பூமியில் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் நாள் அமையும். டிசம்பர் 21 வாக்கில் வடக்கே 50 பாகை அட்சரேகையில் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்தான். நிலநடுக்கோட்டில் 12 மணி நேரம். தெற்கே 35 பாகையில் 14 மணி நேரத்துக்கு மேல். இதில் காலையில் கூடாரத்தைப் பிரித்துப் பை கட்ட ஒன்றரை மணி நேரம் போய்விடும். புதியவர்களுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். மாலையில் இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் சேர வேண்டும். எட்டு மணி நேரப் பகலில் உங்கள் கையில் நிற்பது ஐந்து மணி நேரம்.

மேட்டை மறந்துவிடாதீர்கள். வழிகாட்டும் செயலிகள் ஒரு நாளின் மொத்த ஏற்றத்தை மீட்டரில் காட்டும். அது 1000 மீட்டரைத் தொட்டால் நான் அன்றைய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவேன். எதிர்க்காற்றும் ஒரு மேடுதான், உச்சி வராத மேடு. அந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று பார்த்துவிட்டுத் திசையை முடிவு செய்யுங்கள்.

முதல் பயணம் வீட்டு வாசலில் ஆரம்பித்து வீட்டு வாசலிலேயே முடியும் வட்டமாக இருப்பது நல்லது. பண்டிகைக் கூட்டத்தில் சைக்கிளை ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்றும் பாடு இல்லை. வட்டத்தின் இரண்டு மூன்று இடங்களில் ரயில் நிலையமோ, வண்டி கொண்டுவந்து அழைத்துப்போகக்கூடிய நண்பரோ இருந்தால் இன்னும் நல்லது. பாதியில் விட்டுத் திரும்ப வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள்.

வண்டி

புது சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. பின்னால் கேரியர் பொருத்த ஃப்ரேமில் ஓட்டைகள் இருக்க வேண்டும், கொஞ்சம் அகலமான டயர் ஏற வேண்டும், மேட்டில் ஏற லேசான கியர் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எந்த சைக்கிளும் போகும். டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கியரைப் பார்க்க ஒரு சுலபமான வழி: முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். முன்னது பின்னதைவிடக் குறைவாக இருந்தால் மூட்டையோடு மேடு ஏறலாம். அதிகமாக இருந்தால் தள்ளிக்கொண்டு போகத் தயாராகிக்கொள்ளுங்கள். தள்ளுவதிலும் தப்பில்லை.

சீட் உயரத்தைச் சரிசெய்ய எந்தக் கருவியும் வேண்டாம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது தானாகவே சரியான மடிப்பு வந்துவிடும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரே தடவையில் நிறைய மாற்றாதீர்கள், 5 மில்லிமீட்டர் போதும்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வண்டியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். பண்டிகை நெருங்கினால் அவரும் லீவில் போய்விடுவார். செயின் தேய்மானத்தை அளக்கும் சின்னத் தகடு அவரிடம் இருக்கும். 0.75 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து நூறு கிலோவுக்குக் குறையாது, அந்த எடையை இறக்கத்தில் நிறுத்தப்போவது விரல் அகல ரப்பரும் தகடும்தான்.

சாதாரண நாட்களில் "வழியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடும் பொருட்களை இந்த முறை கையோடு எடுத்துப்போக வேண்டும். இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் நெம்பி, பம்பு, ஆலன் கீ, ஒரு ஜோடி பிரேக் கட்டை, ஒரு பிரேக் கேபிள், ஒரு கியர் கேபிள், செயினைச் சேர்க்கும் இணைப்பு, கேரியருக்கான 5 மில்லிமீட்டர் போல்ட் நாலு, கொஞ்சம் ஜிப் டை, இன்சுலேஷன் டேப். ட்யூப் வாங்கும்போது வால்வைப் பாருங்கள். தடித்த வகையான ஷ்ரேடர் வால்வு, ஒல்லி வகையான ப்ரெஸ்டாவுக்கென்று போட்ட ரிம் ஓட்டையில் நுழையாது. பம்பு உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்பதை வீட்டிலேயே ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் போட்டு எடுத்துப்போக நேர்ந்தால் பெடலைக் கழற்ற வேண்டியிருக்கும். இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும். குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி: ஸ்பேனரைப் பெடலில் மாட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள். எந்தப் பக்கப் பெடலானாலும் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும்.

வீடும் படுக்கையும்

சைக்கிளுக்கும் கூடாரத்துக்கும் உள்ள உறவு பழையது. பொழுதுபோக்காகக் கூடாரம் போட்டுத் தங்குவதை ஒரு இயக்கமாக ஆக்கியவர்களில் முன்னோடி தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்ற பிரிட்டிஷ் தையற்காரர். 1901-இல் அவர் தொடங்கியது சைக்கிளில் போய்க் கூடாரம் போடுகிறவர்களின் சங்கம். சைக்கிளில் ஏற்ற வேண்டுமே என்றுதான் கூடாரத்தின் எடையைக் குறைப்பதில் அவர் அவ்வளவு மெனக்கெட்டார். நீங்கள் கவனிக்க வேண்டியதும் அதேதான். ஒருவருக்கு 2 கிலோ வாக்கில் கூடாரம் கிடைத்தால் நல்லது. ஒருவர் கூடாரம் என்று எழுதியிருப்பது சவப்பெட்டி மாதிரி இருக்கும். மழைநாளில் பைகளையும் உள்ளே வைக்க வேண்டுமென்றால் ஒருவர் போனாலும் இருவர் கூடாரமே வசதி.

குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இழுத்து மூடிக்கொண்டு படுத்தால், விடிகாலையில் மேலே இருந்து சொட்டுச் சொட்டாக விழும். மழை என்று நினைத்து எழுந்து பார்த்தால் வெளியே நட்சத்திரம் தெரியும். அது உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான். மேலே உள்ள காற்றுத் துவாரங்களை எப்போதும் திறந்தே வையுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது பையில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். உள்ளே தைத்திருக்கும் சின்னச் சீட்டில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலைகள் இருக்கும். உங்களுக்கு உரியது கம்ஃபர்ட் மட்டும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைத்துக் கிடப்பதற்கான அளவு, தூங்குவதற்கானதல்ல. புதியவர்கள் காசு முழுவதையும் ஸ்லீப்பிங் பேக்கில் போட்டுவிட்டு அடியில் விரிக்கும் பாயான ஸ்லீப்பிங் மேட்டில் மிச்சம் பிடிப்பார்கள். குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும், உடம்புக்கு அடியில் நசுங்கிய பேக்கால் அதைத் தடுக்க முடியாது. அந்த மேட்டில் ஆர்-மதிப்பு என்று ஒரு எண் இருக்கும், தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. வெயில் காலத்துக்கு 2 போதும், தரை உறையும் அளவுக்குக் குளிர் என்றால் 4-க்கு மேல் பாருங்கள். இரண்டு மேட்டை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால் இரண்டு மதிப்பும் கூடும். சின்ன மேட் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு இது காசு மிச்சம்.

மூட்டை கட்டுவது

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 முதல் 1886 வரை, முன்சக்கரம் மார்பளவுக்கு நிற்கும் பழைய சைக்கிளில் உலகத்தைச் சுற்றினார். கொண்டுபோனது சாக்ஸ், மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் படுக்கையாகவும் விரிக்கக்கூடிய ஒரு மழைக்கோட்டு, ஒரு ரிவால்வர். ரிவால்வர் உங்களுக்குத் தேவைப்படாது. மற்றபடி அந்தப் பட்டியல் ஒரு நல்ல வைத்தியம். அதை நினைத்துக்கொண்டே உங்கள் குவியலைப் பாருங்கள்.

உணவும் தண்ணீரும் நீங்கலாக 12 முதல் 15 கிலோவுக்குள் அடக்கிவிட்டால் முதல்முறைக்கு அது சாதனைதான். எல்லாவற்றையும் தரையில் பரப்பிவையுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் வந்து "ஒருவேளை தேவைப்பட்டால்" என்று எடுத்துவைத்ததையெல்லாம் திருப்பி அலமாரியில் வையுங்கள். துணிதான் பெரும்பாலும் எடையை ஏற்றும். ஓட்ட இரண்டு, மாலையில் போட ஒன்று, தூங்க ஒன்று. தூங்கும் துணி எக்காரணம் கொண்டும் நனையக் கூடாது. அதைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள்.

எடை உள்ள சாமான், கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பையான பேனியரின் அடியில், சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இடமும் வலமும் எடை ஒத்துப்போக வேண்டும். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மழைக்கோட்டு, பஞ்சர் சாமான், அன்றைய தீனி மூன்றும் மேலேயே இருக்க வேண்டும். கூடாரத்தைக் கடைசியில் கட்டுங்கள், இறக்கும்போது முதலில் அதுதான் வேண்டும். முதுகில் பை மாட்டாதீர்கள். முதல் மணி நேரத்தில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது மணி நேரத்தில் தோள்பட்டையும் பின்புறமும் சேர்ந்து பழிவாங்கும்.

ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது, வீட்டிலிருந்து 25, 30 கிலோமீட்டர் தள்ளி எங்காவது போய் ஒரே ஒரு இரவு தங்கித் திரும்புங்கள். சனிக்கிழமை மதியம் கிளம்பினால் ஞாயிறு காலை வீட்டில் இருக்கலாம். முழு மூட்டையோடு போக வேண்டும் என்பது முக்கியம். தீப்பெட்டி எடுக்கவில்லை, ஸ்லீப்பிங் மேட்டில் ஓட்டை இருக்கிறது, பேனியரில் குதிகால் இடிக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு இரவில் தெரிந்துவிடும். கூடாரத்தை அதற்கும் முன்பே பகலில் ஒரு தடவை, விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை போட்டுப் பழகுங்கள்.

உடம்புக்கான பயிற்சி பெரிதாக ஒன்றும் இல்லை. வாரக் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டுங்கள். முதல் நாள் யாரும் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாள் காலையில் அதே சீட்டில் திரும்ப உட்காரும்போதுதான் உண்மை தெரியும்.

நெடுஞ்சாலை வேண்டாம்

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது பத்து கிலோமீட்டர் சுற்றினாலும் சின்னச் சாலையாகப் பாருங்கள். ஓஸ்மாண்ட் போன்ற செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தெரியும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டால் பாட்டரி நாள் முழுக்கத் தாங்கும். 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஒன்று இருந்தால் சாதாரணப் போனை ஒரு தடவைக்கு மேலேயே ஏற்றலாம். விமானத்தில் போனால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட விடமாட்டார்கள்.

பண்டிகை மாலைகளில் ஓட்டாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள், தூக்கம் இல்லாமல் ஓட்டுகிறவர்கள், வழி தெரியாத ஊரில் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அன்றைக்குச் சேர்ந்து வருவார்கள். பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். பெடலோடு மேலும் கீழும் அசைவதால், போவது ஒரு ஆள் என்று பின்னால் வருகிறவருக்குச் சட்டென்று தெரியும். மேலே போடும் ஒளிர் சட்டையைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

நாய் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, உங்களுக்கும் அதற்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். துரத்த ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பெரும்பாலானவை ஆர்வம் இழந்துவிடும்.

ஒரு பஞ்சரின் கதை

முந்தைய நாள் மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை, இன்னும் 14 கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரம் பொதபொதவென்று ஆனது. சரி, ட்யூப்தானே என்று அவசர அவசரமாகக் கழற்றிப் புது ட்யூபைப் போட்டுக் காற்றடித்துக் கிளம்பினேன். 800 மீட்டர் போயிருக்க மாட்டேன், மறுபடியும் பொதபொத. முள் டயரிலேயே இருந்தது. அதை எடுக்காமல் இரண்டாவது ட்யூபையும் அதன்மேல் மாட்டிக் குத்தவைத்திருக்கிறேன். அதற்குள் இருட்டிவிட்டது. பசை காய்வதற்கு முன்பே ஒட்டுப்போட்டேன், பிடிக்கவில்லை. கேம்ப்சைட்டுக்குத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது.

ஆகவே பஞ்சர் ஆனால் முதலில் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பின்சக்கரம் என்றால் செயினைப் பின்பக்கத்தின் ஆகச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுப் பைகளை இறக்கிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் நெம்பி எடுத்தால் போதும், டயர் ரிம்மிலேயே இருக்கட்டும். ட்யூபை உருவும்போது அது டயரில் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதை நினைவில் வையுங்கள். நான் டயரின் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டுவேன். ட்யூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று டயரில் அளந்தால் முள் இருக்கும் இடம் கிடைத்துவிடும். அப்புறமும் டயரின் உட்பக்கம் முழுவதையும் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். வெறும் விரலால் தடவினால் கம்பித் துணுக்கு கிழித்துவிடும். துணி மாட்டும் இடத்தில் நிறுத்தி, குத்தியதைப் பிடுங்குங்கள். அதைக் கையில் பார்க்காமல் புது ட்யூபைத் தொடவே கூடாது.

பழைய ட்யூபை அங்கே ஒட்ட வேண்டாம். இரவு கூடாரத்தில் ஆற அமர ஒட்டிக்கொள்ளலாம். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லிசாகத் தடவி, பளபளப்பு போய் மங்கும்வரை ஐந்து நிமிடம் காயவிட்டு, பிறகு ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துங்கள். பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் நிற்காது. ஒரு இருட்டில் 800 மீட்டருக்குள் இரண்டு பஞ்சர் பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

அடுப்பு, சாப்பாடு, தண்ணீர்

கேஸ் அடுப்பு புதியவர்களுக்குச் சுலபம். ஆனால் கேஸ் குப்பியை விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. போய் இறங்கியதும் முதல் வேலையாக வாங்கிவிடுங்கள். குளிரில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பியூட்டேன் பூஜ்யம் பாகைக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாகாது. குப்பி நிறைய இருக்கும், அடுப்பு எரியாது. குளிர் என்றால் ப்ரொப்பேன் கலந்த குப்பியாகப் பார்த்து வாங்குங்கள். அது மைனஸ் 42 பாகைவரை ஆவியாகும். எவ்வளவு மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். தீப்பிடிப்பது ஒருபக்கம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

ஓட்டும்போது பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம். மணிக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி கடலை, பேரீச்சை, ரொட்டித் துண்டு என்று எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருங்கள். வெயிலில் மணிக்கு அரை லிட்டருக்கு மேலேயே தண்ணீர் போகும். ஆற்று நீரையோ ஓடை நீரையோ எடுக்க வேண்டி வந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2000 மீட்டருக்கு மேலான உயரத்தில் மூன்று நிமிடம். கடை மூடியிருக்கும் நாட்களுக்காகச் சமைக்காமல் சாப்பிடக்கூடிய ஒரு வேளை உணவைப் பையின் அடியில் போட்டு மறந்துவிடுங்கள். பண்டிகை நாளுக்கென்று உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வீட்டில் கூடியிருக்கும் நாளில் கூடார வாசலில் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் கிளறுவது, கிளம்பும்போது நினைத்த அளவுக்கு வீரமாக இருக்காது. அன்று காலையிலேயே வீட்டுக்குப் போன் பண்ணிவிடுங்கள். மாலைக்குத் தள்ளினால் லைன் கிடைக்காது, மனதும் கனத்துவிடும்.

சாப்பாட்டை இரவில் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். எலிக்குக் கூடாரத் துணி ஒரு பொருட்டே இல்லை.

பின்புறமும் கைகளும்

வெட்கப்பட்டு யாரும் சொல்லாத விஷயம் இதுதான். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசருக்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் உரசி, மூன்றாம் நாள் உட்கார முடியாது. தினமும் மாலையில் வந்ததும் அந்த டிரவுசரைக் கழற்றிவிடுங்கள், உடம்பைக் கழுவித் துடையுங்கள், டிரவுசரைத் துவைத்துக் காயப்போடுங்கள். காயாவிட்டால் மாற்று இருக்கிறது. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கிளம்பினால் கொப்புளம் நிச்சயம்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் ஒரு நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். கையை அடிக்கடி இடம் மாற்றிப் பிடியுங்கள், மணிக்கட்டை மடக்காதீர்கள். ஓட்டுகிற ஒவ்வொரு மூன்று நாளுக்கும் ஒரு நாள் ஓய்வு வையுங்கள். பண்டிகை நாளையே அந்த ஓய்வு நாளாக அமைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும்.

தினமும் காலையில் கிளம்பும் முன் இரண்டு நிமிடம்: கேரியர் போல்ட்டுகளை ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள், அதிர்வில் கழன்றுகொண்டே இருக்கும். டயரை அழுத்திப் பாருங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். கூடாரம் இருந்த இடத்தைத் திரும்பி ஒரு தடவை பாருங்கள். ஒரு முளைக்குச்சியாவது புல்லில் கிடக்கும்.

வந்து சேர்ந்த பிறகு

களைப்பில் பையை மூலையில் போட்டுவிட்டுப் படுக்கத்தான் தோன்றும். கூடாரத்தை மட்டும் அன்றைக்கே வெளியே எடுத்து விரித்துவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து, அந்த நாற்றம் எத்தனை தடவை அலசினாலும் போகாது. ஸ்லீப்பிங் பேக்கைச் சின்னப் பையில் அமுக்கி வைக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

மறுநாள் பேனியர்களைக் கவிழ்த்து, பயணம் முழுக்க ஒரு தடவைகூட வெளியே எடுக்காத பொருட்களைத் தனிக் குவியலாகச் சேருங்கள். என்னுடைய முதல் குவியலில் ஒரு மடக்கு நாற்காலி, இரண்டு புத்தகம், ஒரு ஜீன்ஸ், காய்கறி நறுக்கும் பலகை எல்லாம் இருந்தன. அவ்வளவையும் மேடு மேடாக ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்தக் குவியலில் பஞ்சர் சாமானும் முதலுதவிப் பெட்டியும் கிடந்தால் அவற்றை மட்டும் எடுத்துத் திரும்பப் பையிலேயே வைத்துவிடுங்கள்.